கைராசி

சென்ற மாதம் நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து வெளியே வருகையில், வாலிப அன்பர் இருவர் நம்மை வழிமறித்து ஒரு விளம்பரத் தாளைக் காட்டினர். நம் பகுதியில் புதிதாகத் திறக்கப்பட்டுள்ள 'கைரோபிராக்டிக்' நிலையம் ஒன்றின் விளம்பரம் அது. முதுகுவலி, கழுத்துவலி, தலைவலி, அஜீரணம் ஆகிய யாவும் மருந்தின்றிக் கையாலேயே தீர்க்கப்படும் என்று அதில் அச்சிட்டிருந்தது. "சார், இடுப்புவலியில் தங்களுக்கு நல்ல அனுபவம் உண்டே, இங்கே போகலாமா?" என்று கேட்டனர். பார்சல் அலுவலகத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் நாற்காலியைத் தேய்த்த குமாஸ்தாவுக்கு இடுப்புவலியில் பட்டமே வழங்கலாம் என்பது மெய்தான். ஆயினும் நாம் அன்று விடை கூறவில்லை. நம் இடுப்பைக் காட்டிலும் நம் மகனின் முழங்கையே அப்பொழுது மனத்தில் வந்து நின்றது. சொல்லாமல் விட்ட விடையை இங்கே எழுதுகிறோம்.

கைரோபிராக்டிக் என்னும் சொல் கிரேக்க மொழியில் கையையும் செய்கையையும் குறிக்கும் இரு சொற்கள் சேர்ந்து பிறந்தது. 1895-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், டேவன்போர்ட் என்னும் நகரில், காந்த சிகிச்சை செய்துவந்த டேனியல் டேவிட் பால்மர் என்பவர், தாம் இருந்த கட்டடத்தின் துப்புரவுப் பணியாளரான ஹார்வி லில்லார்டு என்பவரின் முதுகெலும்பை அழுத்தினார். மந்தப்பட்டிருந்த அவர் செவிப்புலன் மீண்டது என்பர். அதிலிருந்து, உடற்பிணிகளிற் பெரும்பாலானவை முதுகெலும்பு பிறழ்வதால் வருபவை என்று பால்மர் முடிவு கட்டிவிட்டார். அம்முடிவை மருத்துவ உலகம் இன்றுவரை ஏற்கவில்லை. ஒருவர் காது கேட்டதிலிருந்து உலகத்தார் அனைவரின் அஜீரணத்துக்கும் வழி கண்டுபிடிப்பது சற்றே நீளமான தாவல் அல்லவா?

ஆனால் கையால் நோய் தீர்ப்பது அமெரிக்கா நமக்குக் கற்றுக் கொடுத்த வித்தை அன்று. சித்த வைத்தியத்தில் தொக்கணம் என்று ஒரு துறையே உண்டு. தட்டுதல், அழுத்துதல், இழுத்தல், அசைத்தல் முதலாக அதை ஒன்பது வகையாகப் பிரித்திருக்கிறார்கள். கன்னியாகுமரிப் பக்கத்து ஆசான்மார் 108 வர்மங்களைக் கணக்கிட்டு வைத்திருக்கின்றனர். பாட்னாவில் பிறந்து இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்த தீன் முகமது என்பவர், பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலும் உடல் பிடிப்பும் அளிக்கும் நிலையம் நடத்தி, நான்காம் ஜார்ஜ் மன்னருக்கே உடல் பிடிப்பவராக நியமனம் பெற்றார். தலைக்குத் தேய்க்கும் ஷாம்பு என்ற பெயரே, பிடித்துவிடு என்று பொருள்படும் இந்திச் சொல்லிலிருந்து வந்ததுதான். பிழைக்கப் போன இடத்தில் கைத்திறத்தால் பெயர் பெற்ற அவரை நினைக்கும்போது, ஊரை விட்டு வந்த நமக்கெல்லாம் ஒரு பெருமிதம் தோன்றத்தான் செய்கிறது.

நம் சொந்த ஊர் அரக்கோணத்தை அடுத்த ஒரு சிற்றூர். எலும்பு முறிந்தால் புத்தூருக்குப் போவதே அங்கே வழக்கம். சென்னை செல்லும் வண்டிகள் ரேணிகுண்டாவைத் தாண்டியபின் கடந்து செல்லும் அதே ஆந்திர நாட்டுப் புத்தூர்தான். பச்சிலையும் முட்டையின் வெண்கருவும் தடவி, மூங்கிற் பத்தை வைத்துத் துணியால் கட்டும் அக்கட்டின் புகழ் யாவரும் அறிந்ததே. நம் தாயார் இளவயதில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டு, புத்தூரில் கட்டுப் போட்டுக் குணம் பெற்றவர். இன்றும் அக்கையால் மாவாட்டுவார்கள். ஆகையால் எலும்புக்குக் கட்டு, சுளுக்குக்கு நல்லெண்ணெய் என்பது தாய்ப்பாலோடு நமக்கு வந்த நம்பிக்கை.

போதாக்குறைக்கு நம் இளைய மகன் கால் முன்னாகப் பிறந்தவன். அத்தகைய பிள்ளை மிதித்தால் சுளுக்கும் இடுப்புப் பிடிப்பும் போகும் என்று நம்மவர் சொல்வது வழக்கம். இங்கு வந்த பிறகே, வடநாட்டாரிடத்தும் இதே நம்பிக்கை இருப்பது தெரிந்தது. பீகாரைச் சேர்ந்த பாயிண்ட்ஸ்மேன் ஒருவர், எதிர்வீட்டு மராட்டிய அம்மாள் என்று பலரும் நம் குடியிருப்புக்கு வந்து குப்புறப் படுத்துக்கொள்வார்கள். பையன் தன் இடக்காலால் மூன்று முறை மெதுவாகத் தொட்டு மிதிப்பான். அவர்கள் எழுந்து, "ஆஹா!" என்று போய்விடுவார்கள். அவனுக்கு ஒரு மிட்டாய் கிடைக்கும். ஐந்து வயதிலேயே கைராசி, அன்று, கால்ராசி வைத்தியன் ஆகிவிட்டான்.

நம் இடுப்பையும் அவன் மிதித்ததுண்டு. ஒரு மழைக்காலத்தில் பார்சல் மூட்டையொன்றைக் குனிந்து நகர்த்தியபோது பிடித்த பிடிப்பு, நம்மை நிமிரவிடாமல் செய்துவிட்டது. இல்லாள் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள், தாயார் எண்ணெய் தேய்த்து நீவினார், பையன் மிதித்தான். பத்து நாளில் குணமாயிற்று. மூவருமே தம்மால்தான் குணமாயிற்று என்றனர். புதிதாய் வந்த இடுப்புப் பிடிப்பு என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே குறைந்துவிடும் என்று டாக்டர்கள் கூறுகின்றனர். எனினும் கைவைத்தியத்தை அவர்கள் தள்ளிவிடவும் இல்லை. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்னும் சங்கம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டியில், இத்தகைய வலிக்கு மாத்திரையைத் தேடுமுன் ஒத்தடம், உடல் பிடித்தல், முதுகெலும்பைக் கையால் சீர்செய்தல் ஆகியவற்றை முயலலாம் என்றே கூறியிருக்கிறது. ஒத்தடத்துக்கு உள்ள அளவு சான்று மற்ற இரண்டுக்கும் இல்லை என்பதையும் மறைக்காமல் கூறியிருக்கிறது. ஆகவே நம் இல்லாளுக்கே முதற்பரிசு.

இனி, நாம் சொல்லக் கூசும் பகுதிக்கு வருகிறோம்.

மூன்றாண்டுகளுக்கு முன், தீபாவளி விடுமுறையில் ஒரு மாலை, நான்கு மணி இருக்கும். ஏழு வயதான அப்பையன் திண்ணைச் சுவரிலிருந்து குதிக்கையில் கையை ஊன்றி விழுந்தான். முழங்கை சற்று நேரத்தில் வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள் இல்லாள். விடுமுறை நாளில் பெரிய டாக்டர் இருக்கமாட்டார், படம் எடுப்பார்கள், மாவுக்கட்டு என்பார்கள், கத்தி என்பார்கள் என்று நாமே காரணங்களை அடுக்கினோம். நம் தாயாரின் மணிக்கட்டு வேறு கண்முன் நின்றது. எலும்பு கட்டும் பயில்வான் ஒருவர் கடை வைத்திருந்தார்; குடியிருப்பில் அவருக்கு நல்ல பெயர். அங்கே கொண்டு போனோம். அவர் பையனின் கையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். அவன் அலறிய அலறல் இன்னும் நம் காதில் இருக்கிறது. பிறகு பச்சிலை தடவிப் பத்தை வைத்து, மேற்கையிலிருந்து மணிக்கட்டு வரை இறுக்கிக் கட்டினார். "இறுக்கமாக இருந்தால்தான் எலும்பு சேரும்" என்றார். நாமும் தலையாட்டினோம். ஐந்தரை மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிட்டோம்.

இரவு பத்து மணி அளவில் பையன் வலி தாங்காமல் புரண்டான். எலும்பு சேரும் வலி, காலையில் சரியாகும் என்று சொல்லி நாம் படுத்துவிட்டோம். இல்லாள் படுக்கவில்லை. அவன் விரல்களை விளக்கடியில் பார்த்திருக்கிறாள்; வெளுத்துச் சில்லிட்டிருந்தன. மடங்கியிருந்த விரலொன்றை அவள் மெல்ல நீட்டியதும் அவன் துடித்துப்போனான். அவள் நம்மை எழுப்பி யோசனை கேட்கவில்லை. தையல் பெட்டியிலிருந்த கத்தரியை எடுத்துவந்து கட்டை மேலிருந்து கீழாக வெட்டத் தொடங்கிவிட்டாள். "கட்டைப் பிரித்தால் எலும்பு விலகிவிடுமே!" என்று நாம் பதறினோம். "விலகட்டும்" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு மேல் அவள் அன்றிரவு நம்மோடு பேசவில்லை.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு விரைந்தோம். பதினொன்றரை மணிக்கு ஓர் இளம் டாக்டர் பையனின் மணிக்கட்டில் நாடியைத் தேடிக்கொண்டிருந்தார். நம் நாடி நமக்கே கேட்டது. சிறிது நேரத்துக்குப் பிறகு, "வருகிறது" என்றார். அன்றிரவே மயக்க மருந்து கொடுத்து எலும்பைச் சேர்த்து இரண்டு கம்பிகளைச் செருகினார்கள்.

மறுநாள் அந்த டாக்டர் நமக்கு விளக்கிச் சொன்னார். பிள்ளைகள் கையை ஊன்றி விழும்போது முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவது மிகச் சாதாரணம். கைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் அவ்விடத்தின் முன்புறத்தை ஒட்டியே போகிறது. உள்ளே வீக்கம் ஏறுகிறது. வெளியே கட்டு இறுக்குகிறது. இரண்டுக்கும் நடுவே தசை இரத்தமின்றித் தவிக்கிறது. ஏறத்தாழ ஆறு மணி நேரம் அப்படியே சென்றால் தசை மடிந்து சுருங்கி, விரல்கள் பருந்தின் நகம்போல் மடங்கி நின்றுவிடும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபோல்க்மான் 1881-லேயே இதை எழுதி வைத்திருப்பதால், அக்குறைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. "ஆஸ்பத்திரி மாவுக்கட்டு இறுகினாலும் இதேதான் நேரும், பயில்வானை மட்டும் திட்டாதீர்கள். யார் கட்டினாலும் விரலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்" என்றார் அவர். பிறகு நம் இல்லாளைப் பார்த்து, "கத்தரியை எடுத்தது யார்?" என்று கேட்டார். நாம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான்கு வாரத்தில் கம்பிகளை எடுத்தார்கள். விரல்கள் மட்டும் மரத்துப்போய் விறைப்பாகவே இருந்தன. அதற்காகப் பிசியோதெரபி நிபுணரான ஓர் அம்மையாரிடம் அனுப்பினார்கள். இங்கேதான் நமக்கு வியப்பு. அந்த அம்மையாரும் செய்தது கைவைத்தியமே! பையனின் விரல் ஒவ்வொன்றையும் தம் உள்ளங்கையில் வைத்துச் சற்றே நீட்டி, நிறுத்தி, அவன் முகம் சுளிக்குமுன் விட்டுவிடுவார். முழங்கையை மட்டும் தொடமாட்டார். ஊரிலிருந்து வந்திருந்த நம் தாயார் நல்லெண்ணெயுடன் முழங்கையை நீவத் தயாரானபோது, அவர் கைகூப்பித் தடுத்தார். முறிந்து சேர்ந்த முழங்கையை அழுத்தித் தேய்த்தால் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மூட்டு முடங்கிவிடக்கூடும். பையன் தானாக எவ்வளவு மடக்குகிறானோ அவ்வளவு போதும் என்றார். தாயார் எண்ணெய்க் கிண்ணத்தை உள்ளே கொண்டுபோய் வைத்தார். மூன்று மாதம் வாரம் இருமுறை போய்வந்தோம். சுண்டு விரலில் உணர்ச்சி கடைசியாகத் திரும்பியது.

இப்பொழுது அவ்விரு வாலிப அன்பர்களுக்கு: இடுப்புப் பிடிப்புக்கு, பயின்றவரின் கையை நாடுவதில் நமக்கு ஆட்சேபமில்லை. எங்கே, எத்தனை ஆண்டு படித்தீர்கள் என்று கேளுங்கள்; கேட்டதற்குச் சினந்தால் திரும்பிவிடுங்கள். கைப்பேசியில் நீங்கள் ஓயாது பார்க்கும் 'சடக்'கென்ற ஓசை, விலகிய எலும்பு தன்னிடம் சேரும் ஓசை அன்று. மூட்டு நீரில் வாயுக் குமிழ் உண்டாகும் ஓசையே அது. விரலைச் சொடுக்கினால் கேட்பதும் அதுவே. அதற்காகக் காசு தரவேண்டியதில்லை. வலியோடு காலில் மரப்போ பலக்குறைவோ, காய்ச்சலோ, சிறுநீர் அடைப்போ இருந்தால், அல்லது விழுந்து அடிபட்டு வந்த வலியாக இருந்தால், யார் கையிலும் கொடுக்குமுன் டாக்டரிடம் போங்கள்.

கழுத்தை மட்டும் எவரும் வெடுக்கென்று திருப்ப விடாதீர்கள். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் இரண்டு, கழுத்தெலும்புகளின் துவாரங்கள் வழியாகவே மேலேறுகின்றன. திடீரென்று முறுக்கினால் குழாயின் உட்பூச்சு கிழிந்து, இரத்தம் உறைந்து, பக்கவாதம் வரக்கூடும். 2024-இல் முடி திருத்தும் கடையொன்றில் தலை பிடித்துவிட்டுக் கழுத்தைத் திருப்பியதால் ஒருவருக்கு இவ்வாறு நேர்ந்ததாகப் பத்திரிகைகளில் படித்தோம். அதுவரை நாமும் முடிவெட்டிக்கொண்டபின் அந்தச் 'சடக்'கைக் காத்திருந்து வாங்கிக்கொண்டு வருபவர்தாம். இப்பொழுது நாற்காலியில் உட்காருமுன்னரே, "பாயி, கர்தன் நஹீ" என்று சொல்லிவிடுகிறோம். அவருக்கு அதில் சிறிது மனவருத்தம்.

சென்ற வாரம் எதிர்வீட்டு அம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். குளியலறையில் வாளியைத் தூக்கினார்களாம். பத்து வயதாகிவிட்ட நம் வைத்தியன், "காகூ, படுங்கள்" என்று பாய் விரித்தான். நம் இல்லாள் அடுப்படியிலிருந்து வந்து, "விழுந்தீர்களா? கால் மரத்திருக்கிறதா?" என்று கேட்டு, இல்லை என்று தெரிந்த பின்னரே பையனுக்குத் தலையசைத்தாள். அவன் இடக்காலால் மூன்று முறை தொட்டான். அம்மாள் எழுந்து, "ஆஹா!" என்றார்கள். மிட்டாயை அவன் வலக்கையை நன்றாக நீட்டி வாங்கிக்கொண்டான். முழங்கை ஒரு விரற்கடை அளவு கோணல்தான். விரல்கள் ஐந்தும் நேராகவே விரிந்தன.