வழிக்கு எத்தனை, விடைக்கு எத்தனை?

இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் போதித்து வருகிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைக் கண்டாலும் மார்க் போடவேண்டுமென்று கை துறுதுறுக்கும். சாம்பாருக்கு மார்க், சங்கீதக் கச்சேரிக்கு மார்க், சம்பந்தி வீட்டு உபசாரத்துக்கு மார்க்! இந்த வியாதியின் வேகத்தில், அமெரிக்காவிலுள்ள மூன்று கூடைப்பந்துக் கோஷ்டிகளுக்கு நான் மார்க் போட்டு, பிறகு வெட்கப்பட நேர்ந்த கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அந்த நாட்டில் கூடைப்பந்து ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டவர்களிடம் ஒரு விசித்திர வழக்கம் இருக்கிறது. ஒரு கோஷ்டியார் தங்கள் ஆட்டக்காரரை இன்னொரு கோஷ்டிக்குக் கொடுத்து, பதிலுக்கு வேறு ஆட்டக்காரரைப் பெற்றுக்கொள்ளலாம். பெரும்பாலும் ஆட்டக்காரரின் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை. சம்பளத் தொகைக்கு வரம்பு விதித்திருப்பதால், கொடுப்பதும் வாங்குவதும் ஏறக்குறைய ஈடாக வேண்டும். இரண்டு பேருக்குள் கணக்கு நேராகாவிட்டால் மூன்றாவது கோஷ்டி ஒன்றைக் கூட்டிச் சேர்த்துக் கொள்வார்கள். அப்படியும் போதாவிட்டால், பல வருஷங்களுக்குப் பின் வரப்போகும் புது ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தருவார்கள். அதாவது, இன்று நடுநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும் யாரோ ஒரு பையன் இன்றே விலை பேசப்படுகிறான்!

டேமியன் லில்லார்ட் என்பவர் 2012-ம் வருஷம் முதல் பதினொரு பருவங்கள் போர்ட்லாந்து டிரெயில் பிளேசர்ஸ் கோஷ்டிக்காக ஆடியவர். 2023 பிப்ரவரியில் ஒரே ஆட்டத்தில் 71 புள்ளிகள் குவித்த சூரர். ஆயினும் சாம்பியன் பட்டம் மட்டும் கிட்டவில்லை. அவ்வருஷம் ஜூலையில், தம்மை மாற்றிவிடும்படி கேட்டார். மயாமிக்குப் போக வேண்டுமென்பது அவர் ஆசை. போர்ட்லாந்துக்காரர்கள் அந்த ஆசைக்கு இணங்கவில்லை. பொறுத்திருந்து, செப்டம்பர் 27-ந் தேதி, அவரை மில்வாக்கி பக்ஸ் கோஷ்டிக்குக் கொடுத்தார்கள்.

பதிலுக்கு மில்வாக்கி கொடுத்தது, ஜ்ரூ ஹாலிடே என்ற ஆட்டக்காரரை. ஐம்பது வருஷம் காத்திருந்த பட்டத்தை 2021-ல் அந்த ஊர் அடைந்தபோது, அதில் பெரும் பங்கு வகித்தவர் அவர். அவரோடு 2029-ம் வருஷத்து முதல் சுற்றுத் தேர்வுரிமையும், 2028, 2030-ம் வருஷத்து உரிமைகளை மாற்றிக் கொள்ளும் சலுகையும் போர்ட்லாந்துக்குச் சென்றன. மூன்றாவது கோஷ்டியான பீனிக்ஸ் சன்ஸ், டியாண்ட்ரே ஐடனையும் வேறொரு இளைஞரையும் போர்ட்லாந்துக்கு அனுப்பி, யூசுப் நுர்கிச், கிரேசன் ஆலன் முதலிய நால்வரைப் பெற்றுக் கொண்டது.

இத்தகைய பேரம் முடிந்தால், மறுநாள் காலையிலேயே அமெரிக்கப் பத்திரிகைகள் ஒவ்வொரு கோஷ்டிக்கும் தரம் போட்டுவிடும். நான் மட்டும் சும்மா இருப்பேனா? என் மருமான் எதிரில், நோட்டுப் புத்தகத்தில் சிவப்பு மசியால் எழுதினேன்: மில்வாக்கி 90, போர்ட்லாந்து 60, பீனிக்ஸ் 50.

மசி உலர்ந்து நான்கு நாள்கூட ஆகவில்லை. அக்டோபர் 1-ந் தேதி, போர்ட்லாந்து ஹாலிடேயை பாஸ்டன் செல்டிக்ஸிடம் கொடுத்து இரண்டு ஆட்டக்காரரையும் இரண்டு தேர்வுரிமைகளையும் வாங்கிக் கொண்டது. மில்வாக்கியின் பரம எதிரிகளில் ஒன்று பாஸ்டன். 2024 ஜூனில் ஹாலிடேயின் உதவியுடன் அது சாம்பியன் பட்டம் பெற்றது. பந்தியில் இலையே போடாதவன் பாயசத்தைக் குடித்துவிட்டுப் போனான்!

மில்வாக்கியோ 2024-லும் 2025-லும் முதல் சுற்றிலேயே இந்தியானாவிடம் தோற்றது. 2025 ஏப்ரலில் லில்லார்டின் குதிகால் நரம்பு அறுந்தது. ஜூலையில் அவரை விடுவித்துவிட்டு, தரவேண்டிய சம்பளம் ஏறத்தாழ 11 கோடியே 30 லட்சம் டாலரை ஐந்து வருஷங்களில் பகிர்ந்து கொடுக்க ஏற்பாடு செய்தார்கள்.

அந்த வாரம் மருமான் பழைய நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"மாமா, மில்வாக்கிக்குத் தொண்ணூறு போட்டிருக்கிறீர்களே! இப்போது பூஜ்யமா?"

யோசித்தேன். பரீட்சைத் தாளில் விடை தப்பினாலும், செய்த வழி சரியாயிருந்தால் நான் மார்க் கொடுப்பதுண்டு. அதே நியாயம் இங்கும் வேண்டாமா? நரம்பு அறுந்தது யாருடைய பிழையும் அல்ல. தங்கள் தலைசிறந்த ஆட்டக்காரரான யானிஸ் கோஷ்டியை விட்டுப் போகாதிருக்க வேண்டுமென்பதும் மில்வாக்கியின் நோக்கம். 2023 அக்டோபரில் அவர் மேலும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்திட்டார். அந்த வரைக்கும் வழி சரி. ஆனால் ஹாலிடே போர்ட்லாந்திலே தங்குவாரா, தங்காவிட்டால் யார் கைக்குப் போய்ச் சேருவார் என்று ஒரு கணம் யோசித்திருக்கலாம். பிசகு அங்கேதான். அந்தப் பிசகு முதல் நாளே தாளில் இருந்தது. லில்லார்டின் பெயரைக் கண்டு மயங்கிய பரீட்சகர்தான் அதைப் பார்க்கவில்லை.

பீனிக்ஸுக்குப் பெரிய லாபமில்லை. ஆலன் மட்டும் 2023-24 பருவத்தில் மூன்று புள்ளி எறிதலில் விகிதாசாரப்படி முதலிடம் பெற்றார். போர்ட்லாந்து பெரிதாக நம்பிய ஐடன் 2025-ல் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு விலகிவிட்டார். ஆனால் அவரோடு வந்த அந்த 'வேறொரு இளைஞர்'? 2023 தேர்வில் 52-வது ஆளாக எடுக்கப்பட்ட டூமானி கமாரா அவர். 2025-ல், அந்நாட்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர்கள் பட்டியலில் இடம் பெற்றார். என் நோட்டில் அவர் பெயரே இல்லை. "மற்றும் ஒருவர்" என்று எழுதியிருந்தேன். அதைப் படித்ததும், என் வகுப்பின் கடைசி பெஞ்சில் இத்தனை வருஷமாக எத்தனை "மற்றும் ஒரு"வர்களை உட்கார்த்தி வைத்தேனோ என்று நெஞ்சு சுருக்கென்றது.

கதையின் முடிவு இன்னும் வேடிக்கை. 2025 ஜூலையில் ஹாலிடே மற்றொரு பேரத்தின் மூலம் பாஸ்டனிலிருந்து போர்ட்லாந்துக்கே வந்து சேர்ந்தார். அதே மாதம், மில்வாக்கி விடுவித்த லில்லார்டும் மூன்று வருஷத்துக்கு 4 கோடியே 20 லட்சம் டாலர் பேசிப் போர்ட்லாந்துக்குத் திரும்பினார். ஒருவருக்கு ஒருவர் ஈடாக நிறுத்துக் கொடுக்கப்பட்ட இருவரும் ஒரே தட்டில்!

லில்லார்டின் புது ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருக்கிறது: அவருடைய சம்மதமில்லாமல் அவரை வேறு எங்கும் மாற்றக்கூடாது.

சிவப்புப் பேனாவை மூடி வைக்குமுன், அந்த ஷரத்துக்கு மட்டும் நூற்றுக்கு நூறு போட்டேன். "இதற்கும் இரண்டு வருஷம் பொறுத்துப் பார்க்க வேண்டாமா, மாமா?" என்று கேட்டான் மருமான்.

"வேண்டாம், அப்பா. இதிலே வழியும் விடையும் ஒன்றுதான்" என்றேன்.