சத்தம் போடும் வால்வு நல்ல வால்வு

பழைய ஃபோக்ஸ்வேகன் வேன் வாங்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஒன்றை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். அதில் ரேடியேட்டர் கிடையாது. எனவே தண்ணீர் கொதித்து, ஆவி வந்து, உங்களை எச்சரிக்காது.

எந்த வேன் என்கிறீர்களா? ஹிப்பிகள் பூப்பூவாகப் பெயிண்ட் அடித்துக்கொண்டு திரிந்தார்களே, அதேதான்! 1950-ல் ஜெர்மனியில் பிறந்தபோது அதன் எஞ்சின் 1131 சி.சி. சக்தி வெறும் 25 குதிரை. நம்ம ஊரில் இன்றைக்கு ஓடும் சில பைக்குகளுக்கே அதைவிட அதிகம். எஞ்சின் பின்னால் இருக்கும். பக்கத்துக்கு இரண்டாக நான்கு சிலிண்டர்கள் படுத்திருக்க, மேலே ஒரு ஃபேன் ஊதிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றும் எஞ்சின் ஆயிலும்தான் சூட்டைத் தணிக்க வேண்டும்.

1999. ஒய்-டூ-கே புண்ணியத்தில் கலிஃபோர்னியாவின் சான் ஹொசேயில் நாங்கள் நான்கு பிரம்மச்சாரிகள் ஒரே அபார்ட்மென்ட்டில் இருந்தோம். எங்களில் மதுரைக்காரன் ஒருவன் அந்த வேனை ஓட்டிக்கொண்டு வந்து நின்றான். ஊரிலிருந்து அப்பா, அம்மா வருகிறார்கள். யோசெமிட்டியை அதில்தான் சுற்றிக் காட்டப் போகிறானாம்.

"1971 மாடல்டா. ஒரிஜினல் 1600 சி.சி. எஞ்சின். சத்தமே இல்ல பாரு!" என்றான், விற்றவர் சொன்னதை அப்படியே.

எதிர்வீட்டில் ஒரு மெக்சிகோக்காரர், ரிட்டயரான மெக்கானிக். கூப்பிட்டோம். ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் காதைக் கொடுத்தார். "ரொம்ப அமைதியா இருக்கே..." என்றார். மருமகளைப் பற்றி மாமியார் சொல்கிற மாதிரி இருந்தது.

எஞ்சினை அணைத்துவிட்டு ஜெனரேட்டருக்குக் கீழே இருந்த அழுக்கைத் துணியால் துடைத்தார். அங்கேதான் எஞ்சின் நம்பர் அடித்திருக்கும். அமெரிக்காவுக்கு வந்த 1971 மாடல் என்றால் அது 'ஏ.ஈ.' என்று ஆரம்பிக்க வேண்டும். இதில் 'ஹெச்' என்று இருந்தது. அதாவது, 1960-களின் பிற்பகுதியில் வந்த 1500 சி.சி. எஞ்சின். வண்டியின் வயசைப் பேப்பர் சொல்லும். எஞ்சினின் வயசை எஞ்சினிடம்தான் கேட்க வேண்டும்!

இன்னொரு சாட்சியும் காட்டினார். 1971-ன் 1600-ல், கார்புரேட்டரிலிருந்து வரும் குழாய் இரண்டு பக்கமும் ஹெட்டைத் தொடும் இடத்தில் இரண்டாகப் பிரியும். இதில் ஒற்றைத் துளைதான்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது என்று கேட்டான் நண்பன். ஆகும். 1600-க்கு பிஸ்டன் 85.5 மி.மீ.; 1500-க்கு 83. பேப்பரை நம்பி பார்ட்ஸ் வாங்கியிருந்தால் காசு தண்டம். அதைவிட முக்கியம், பழைய எஞ்சினில் ஆயில் கூலர் ஃபேன் கூண்டுக்குள்ளேயே இருக்கும். காற்று முதலில் கூலரைத் தடவிச் சூடாகி, அப்புறம்தான் மூன்றாவது சிலிண்டருக்குப் போகும். அடுத்தவர் குளித்த தண்ணீரில் குளிக்கிற கதை. 1971 மாடலில்தான் கூலரைத் தள்ளி வைத்தார்கள்.

டாப்பெட் இடைவெளியை எஞ்சின் ஜில்லென்று இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். மறுநாள் காலை கம்பி கிளிப்பை நெம்பி மூடியைக் கழற்றினார். 0.15 மி.மீ. ஃபீலர் கேஜ் எல்லா வால்வுகளிலும் நுழைந்தது. மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வில் மட்டும் நுழைய மறுத்தது.

இடைவெளி இருந்தால் 'டிக் டிக்' என்று சத்தம் வரும். இல்லாவிட்டால் சத்தம் வராது. ஆனால் வால்வும் முழுசாக மூடாது. மூடி உட்காரும்போதுதான் அது தன் சூட்டை ஹெட்டுக்குக் கொடுக்கும். உட்கார முடியாத வால்வு கருகும், நீளும், ஒருநாள் தலை முறிந்து பிஸ்டன் மேல் விழும். ஆபீசிலும் தினம் முணுமுணுக்கிற ஆசாமி ரிட்டயர்மென்ட் வரை இருப்பார். வாயே திறக்காதவர்தான் திடீரென்று ராஜினாமாவை நீட்டுவார்.

சரிசெய்தார். இருநூறு மைல் ஓட்டிவிட்டு மறுபடி பார்த்தால், இடைவெளி மறுபடியும் காணோம்! வால்வு நீண்டுகொண்டே போகிறது.

அப்பா, அம்மா வர ஒன்பது நாள்தான் பாக்கி. "இன்னொரு தடவை அட்ஜஸ்ட் பண்ணிட்டுப் போயிடலாமே... 300 கிலோமீட்டர்தானே?" என்றான் நண்பன்.

"வழியில பிரீஸ்ட் கிரேட் இருக்கு. சில மைலுக்குள்ள சுமார் 1,500 அடி ஏத்தம். எஞ்சின் பின்னாடி இருக்கு, அதுக்கு முன்னாடி சீட்ல உங்கம்மா இருப்பாங்க" என்றார் மெக்கானிக்.

நண்பன் பேசாமல் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தான். எஞ்சினை இறக்கி ஹெட்டைக் கழற்றினோம். அந்த வால்வின் கழுத்து, சப்பிப்போட்ட முருங்கைக்காய் மாதிரி மெலிந்திருந்தது. இன்னும் எத்தனை மைல் தாங்கியிருக்குமோ!

எக்ஸாஸ்ட் வால்வுகள் நான்கையும் மாற்றினோம். புது கேஸ்கட்டெல்லாம் 'ஹெச்' எழுத்தைச் சொல்லி வாங்கியது. வேலை முடிய மூன்று வாரம் ஆனது. பெரியவர்கள் வாடகைக் காரில் யோசெமிட்டியைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

கிளம்புவதற்கு முதல் நாள் வேன் உயிர் பெற்றது. அப்பா பின்னால் போய் நின்று கேட்டார். "என்னடா இது, தையல் மெஷின் மாதிரி சத்தம் போடுது? ஏமாந்துட்டியா?"

"அப்படித்தாம்ப்பா இருக்கணும்!" என்றான் மதுரைக்காரன், பெருமையாக.