தோண்டிய மண்ணும் எழுதிய ஏடும்

மண்ணைத் தோண்டுவோர் இருவகையினர். மண்ணின் பொருட்டுத் தோண்டுவோர் ஒரு சாரார்; மண்ணுள் மறைந்திருப்பதன் பொருட்டுத் தோண்டுவோர் மற்றொரு சாரார். முன்னவரை அழிப்பவர் என்றும் பின்னவரைக் காப்பவர் என்றும் நாம் எளிதிற் கூறிவிடுகிறோம். சிறிது ஆழ்ந்து நோக்கின், தோண்டப்பட்ட இடம் இருவராலும் இல்லாமற் போகின்றது என்பது புலனாகும். ஒரு நிலத்தை ஒருமுறைதான் அகழலாம். அகழ்ந்தபின் அந்த இடத்தைப் பற்றி எஞ்சுவன, எடுத்துவைத்த பொருள்களும் எழுதிவைத்த ஏடுகளுமே. இவ்வுண்மையை எமக்கு நன்கு உணர்த்தியது, இங்கிலாந்திலுள்ள ஒரு சரளைக்கற் கிடங்கின் வரலாறாகும்.

தேம்ஸ் நதி கடலை அணுகும் பகுதியில், அதன் வடபால், எசெக்ஸ் பிரதேசத்திலே மக்கிங் என்னும் சிற்றூர் உண்டு. அதன் அயலிலே, நதியை நோக்கியவாறு சரளை நிறைந்த மேட்டுநிலம் ஒன்று பரந்து கிடந்தது. அதிலே பயிர் விளைந்தது. நிலத்தில் நின்று பார்த்தவர்க்கு அங்கே பயிரன்றி வேறொன்றும் தோன்றவில்லை. 1959ஆம் ஆண்டிலே கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சென் ஜோசப் என்பார் விமானத்திலிருந்து எடுத்த நிழற்படங்களிலோ, பயிரின் நடுவே வட்டங்களும் கோடுகளும் சதுரங்களும் தெளிவாகத் தெரிந்தன.

இதில் மாயம் ஒன்றுமில்லை. சரளை நிலத்தில் நீர் தங்காது. ஆயின், முன்னொரு காலத்தில் வெட்டப்பட்டுப் பின்னர் தூர்ந்துபோன அகழியில் நல்ல மண் ஆழமாகச் சேர்ந்திருக்கும். வரட்சிக் காலத்தில் அதன்மேல் நிற்கும் பயிருக்கு மாத்திரம் ஈரம் கிடைக்கும். அது உயர்ந்து வளர்ந்து, பிந்தி முற்றும். ஆகவே, சூழவுள்ள பயிர் மஞ்சளாகும் வேளையில் அகழியின் கோடு பசுமையாய் நிற்கும். தோட்டஞ் செய்து பழகிய எம்மவர்க்கு இதனை விளங்கிக்கொள்ளல் அரிதன்று.

அம்மேடு சரளைக்காகத் தோண்டப்படலாயிற்று. 1965ஆம் ஆண்டிலே மார்கரட் ஜோன்ஸ் என்னும் அம்மையார், தம் கணவர் டொம் ஜோன்சுடன் அங்கு அகழாய்வைத் தொடங்கினார். ஒரு பருவகாலம் தோண்டி, பின்பு வீடு திரும்பி ஆறியிருக்க அவர்களுக்கு இயலவில்லை. இயந்திரம் ஓயாதாகையால் அவர்களும் ஓயவில்லை. சில்லுகள் பூட்டிய வண்டிவீட்டிலே தங்கி, பனியிலும் மழையிலும் 1978 வரை பதின்மூன்று ஆண்டுகள் உழைத்தனர். மாணவரும் தொண்டர்களுமாக ஆயிரக்கணக்கானோர் வந்து வந்து உதவிச் சென்றனர். மேல்மண் நீக்கப்பட்டதும், வெளிறிய சரளையின்மீது கருமையான கறைகள் தோன்றும். வட்டக் கறை தூண் நட்ட குழி. நீண்ட கறை அகழி. நீள்சதுரக் கறை புதைகுழியாகவோ குடிசையின் அடித்தளமாகவோ இருக்கலாம். ஒவ்வொன்றையும் சிறு கரண்டியால் வெட்டி, அளந்து, வரைந்து, இலக்கமிட்டுக் குறித்தனர். இவ்வாறு அகழ்ந்த பரப்பு ஏறத்தாழ 44 ஏக்கர்.

அங்கே அரண்மனை இல்லை, பெருங்கோயில் இல்லை. புதிய கற்காலத்திலிருந்து மத்திய காலம் வரை சாதாரண மக்கள் உழுதும் நெய்தும் வாழ்ந்து மடிந்த தடங்களே இருந்தன. வெண்கலக் காலத்தவர் வட்டமாக வெட்டிய இரட்டை அகழி, இரும்புக் காலத்தவரின் வட்ட வீடுகள், உரோமர் காலத்து வயல் எல்லைகள், அவற்றின் மேல் சாக்சனியரின் ஊர் என ஒரே நிலத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தடங்கள் பதிந்திருந்தன. தரையிலே குழி வெட்டி அதன்மேற் கூரை வேய்ந்த சாக்சனியக் குடிசைகள் மட்டும் இருநூற்றுக்கு மேற்பட்டவை. அவை வெளிப்பட்டபோது, தறியிலே பாவு நூலை இழுத்து நிறுத்தும் மண் குண்டுகளும் கிடைத்தன.

சாக்சனியரின் இடுகாடுகளைப் பற்றி வாசித்தபோது சிறிது நேரம் புத்தகத்தை மூடி வைத்தோம். சரளை நிலத்தின் புளிப்புத் தன்மையால் எலும்புகள் பெரும்பாலும் கரைந்துவிட்டன. பல குழிகளிலே எஞ்சியது மணலின் நிறவேறுபாடு மாத்திரமே. ஒருக்களித்து முழங்கால் மடக்கிக் கிடந்த ஒரு மனிதரின் உருவம் மணலிலே கறையாகப் பதிந்திருக்கும். கரண்டி சற்று ஆழமாகப் பட்டால் அதுவும் மறைந்துபோம். அதனை வரைந்தெடுத்த கை நடுங்கியிருக்குமோ என எண்ணினோம். ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த, வெள்ளி பதித்த அழகிய கச்சணி ஒன்றும் ஒரு புதைகுழியிற் கிடைத்தது. அது இப்போது பிரித்தானிய நூதனசாலையில் உள்ளது. ஆயினும் எமது மனத்தில் நின்றது அக்கச்சணியன்று, அந்த மணற்கறையே.

1978இலே தோண்டல் முடிந்தது, பணி முடியவில்லை. சாக்சனியர் ஊரைப் பற்றிய நூல் 1993இலே வெளிவந்தது. இடுகாடுகளைப் பற்றிய நூலுக்கு 2009 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்கு முந்திய காலங்களையும் உரோமர் காலத்தையும் பற்றிய நூல்கள் 2015, 2016ஆம் ஆண்டுகளிலேதான் வந்தன. டொம் 1993இலும் மார்கரட் அம்மையார் 2001இலும் மறைந்துவிட்டனர்.

எழுதாமல் தோண்டிக்கொண்டே போனது பிழையென்பார் உளர். தோண்டுவதை நிறுத்தி எழுத அமர்ந்திருப்பின், அடுத்த ஏக்கரை இயந்திரம் விழுங்கியிருக்கும் என்பாரும் உளர். இரண்டிலும் நியாயம் உண்டு. எமக்குத் தோன்றுவது இது: தோண்டுவதற்குக் கெடு விதிக்க இயந்திரம் இருந்தது, எழுதுவதற்குக் கெடு விதிக்க எவருமில்லை. இருந்தும், அன்று குழியின் விளிம்பிலே நின்று எழுதிய குறிப்பேடுகளும் வரைபடங்களும் இலக்கங்களும் இருந்தமையாற்றான், அத்தம்பதியர் மறைந்த பின்னரும் பிறர் அமர்ந்து அந்நூல்களை முடிக்க முடிந்தது. இல்லையேல், பெட்டி பெட்டியாக மட்பாண்ட ஓடுகள் மாத்திரம் எஞ்சியிருக்கும்.

அத்தகைய பெட்டியொன்றை நாம் அறிவோம். எமது கல்லூரியின் அலுமாரி ஒன்றிலே, முன்னாளில் இங்கு படிப்பித்த ஆசிரியர் ஒருவர் சேர்த்துவைத்த ஓடுகளும் மணிகளும் காசுகளும் இருக்கின்றன. விடுமுறை நாள்களில் சைக்கிளிலே ஊர் ஊராகச் சென்று சேர்த்தாராம். எவ்வூரிற் கிடைத்தது என்று துண்டுக் கடதாசியில் எழுதியும் வைத்தாராம். அக்கடதாசிகளைக் கறையான் தின்றுவிட்டது. படியெடுத்து வைப்பார் ஒருவரும் இருந்திலர். இன்று அவ்வோடுகளைக் கையிலெடுத்தால் அழகாயிருக்கின்றன. ஆயின் ஒன்றும் பேசமாட்டா. ஓர் ஆயுட்கால உழைப்பு ஊமையாகிக் கிடக்கின்றது.

1980ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையிற் கண்டெடுத்த முத்திரையை யாவரும் அறிவர். அதிற் பொறித்த பிராமி எழுத்துகளால் மாத்திரம் அது சிறப்புறவில்லை. பெருங்கற்காலப் பண்பாட்டைச் சேர்ந்த ஒரு புதைகுழியிலே, இன்ன நிலையில், இன்ன பொருள்களோடு இருந்தது என்று அறியக் கிடப்பதாலேயே அறிஞர் அதனை வைத்து ஆராய முடிகின்றது. இடந்தெரியாது எமது அலுமாரியிற் கிடந்திருப்பின், அதுவும் ஒரு விளையாட்டுப் பொருளாய்த்தான் இருந்திருக்கும்.

சென்ற ஆண்டு மாணவன் ஒருவன், வீதிக்கு மண் எடுக்கும் கிடங்கொன்றிலே கண்டதாக ஓர் ஓட்டினை எம்மிடம் கொண்டுவந்தான். உள்ளே கருமையும் வெளியே செம்மையும் உடைய ஓடு. “சேர், இது எத்தனை வருசம் பழசு?” என்று கேட்டான்.

“தம்பி, அதைப் பிறகு பார்ப்போம். எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் இருந்தது? முதலில் அதை எழுது” என்றோம்.

அவன் முகம் சற்று வாடிற்று. மறுநாள், கிடங்கையும் வேலியையும் அருகிலிருந்த கிணற்றையும் அடியளவில் வரைந்த படத்தோடு வந்தான். இனி அங்கு எதனையும் எடுக்கலாகாது என்று அவனுக்குச் சொல்லி, அப்படத்தின் பிரதியோடு தொல்பொருட் திணைக்களத்துக்குக் கடிதம் எழுதினோம். ஓட்டின் வயதை நாம் அவனுக்குச் சொல்லவில்லை. அதனைச் சொல்லத்தக்கவர் வேறு உளர். ஆயினும் அவ்வோடு ஊமையன்று.

எம்முடைய வீடுகளிலும் பழைய ஓலைச்சுவடியோ செப்புக்குடமோ மங்கிய நிழற்படமோ இருக்கக்கூடும். அவற்றை வைத்திருந்தவர் யார், எவ்வூரிலிருந்து வந்தவை என்று அறிந்த முதியோர் இன்னும் எம்மிடையே இருக்கின்றனர். அவர்களிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதி, கறையான் எட்டாத இடத்தில் வைத்தல் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதில் முடியக்கூடிய காரியம். பிந்தினால், எத்தனை அறிஞர் கூடினாலும் முடியாத காரியமாகிவிடும்.