அதிமதுரம்

கரும்பும் நெல்லும் மல்லாட்டையும் விளைகின்ற கோலியனூர் வட்டாரத்தில் இனிப்புக்கு என்றும் பஞ்சம் இருந்ததில்லை. ஆயினும் மார்கழிப் பனியில் குழந்தைகளுக்குத் தொண்டை கட்டி இருமல் தொடங்கிவிட்டால், எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வெல்லப்பானையின் பக்கம் திரும்பாமல், விழுப்புரத்து நாட்டு மருந்துக் கடையிலிருந்து பொட்டலமாக வாங்கி வைத்திருந்த அதிமதுரத்தையே தேடி எடுப்பார்கள். மேலே சுருக்கம் விழுந்த பழுப்புத் தோலும் உள்ளே மஞ்சள் நாருமாகச் சுண்டுவிரல் பருமனில் இருக்கும் அந்தக் குச்சியை வாயில் அடக்கிக்கொண்டால் முதலில் ருசி ஒன்றும் புலப்படாது. சற்றுப் பொறுத்தே இனிப்பு ஊறி வரும். வந்த பின்னரோ, சக்கையைத் துப்பிய பிறகும் நெடுநேரம் நாவை விட்டு அகலாது. சர்க்கரையைக் காட்டிலும் சுமார் 50 மடங்கு இனிப்புடைய கிளிசிரைசின் என்னும் பொருள் அவ்வேரில் இருப்பதே இதற்குக் காரணம் என்று பிற்காலத்தில் படித்தறிந்தேன்.

இத்தனை உரிமையோடு நம் வீடுகளில் புழங்குகிற அந்த வேர் நம் மண்ணில் விளைந்ததன்று. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த அச்செடி, தெற்கு ஐரோப்பாவிலிருந்து ஈரான், ஆப்கானிஸ்தானம் வரையுள்ள தேசங்களில், ஆழமான மணற்பாங்கு நிலத்தில், கோடையின் வெயிலையும் குளிர்காலத்து ஓய்வையும் ஒருங்கே வேண்டி வளர்வது. குளிரில் தலை மடிந்து, வசந்தத்தில் மறுபடி துளிர்த்து, மூன்று நான்கு வருஷங்கள் சென்ற பின்னரே தோண்டத்தக்க வேரைக் கொடுப்பது. தென்பெண்ணைக் கரையில் மணலுக்குக் குறைவில்லை. அது கேட்கும் குளிருக்கு நாம் எங்கே போவது? பஞ்சாப், ஹரியானா முதலிய வடபிரதேசங்களில் பயிரிட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்றாலும், நம் கடைகளுக்கு வருவதில் பெரும்பகுதி இன்றும் இறக்குமதிச் சரக்குதான்.

நம் வேலிகளில் தானே படர்கின்ற குன்றிமணிக் கொடியை அதற்குப் பிரதியாகக் கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. புளியிலை போன்ற அதன் இலையை மென்றால் மெய்யாகவே இனிக்கும். ஆனால் முன்பு தட்டார் தராசில் எடையாக இருந்ததும், சதுர்த்திப் பிள்ளையாருக்குக் கண்ணாக அமைகின்றதுமான அதே கொடியின் மணி, உடைத்து உட்கொண்டால் உயிரைப் போக்கவல்ல அப்ரின் என்னும் நஞ்சை உடையது. ஆகையால், காசில்லாமல் கிடைக்கிறதே என்று அக்கொடியைப் பிடுங்கி வீட்டில் கஷாயம் வைப்பது தகாது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

அதிமதுரத்தை இடித்து, திப்பிலியோ சித்தரத்தையோ கூட்டிக் கஷாயமாக்குவதும், பொடியைத் தேனில் குழைத்து நாவில் தடவுவதும் நம்மவர் முறை. ஐரோப்பியரோ அதன் சாற்றைக் காய்ச்சிக் கறுத்த மிட்டாய் செய்து உண்கிறார்கள். புகையிலைக்கு மணமும் பதமும் ஏற்றவும் அது ஏராளமாகச் செலவாகிறது. ஔஷதத்துக்கு நேர்ந்த இக்கதியை நினைத்தால் வருத்தமே மிஞ்சுகிறது.

1946-ஆம் வருஷத்தில் ரெவர்ஸ் என்னும் டச்சு வைத்தியர், வயிற்றுப் புண்ணால் அவதியுற்றவர்களுக்கு இவ்வேரின் சாறு குணம் தருவதைக் கண்டு எழுதினார்; அதே நோயாளிகளில் சிலருக்கு முகமும் கைகால்களும் வீங்கியதையும் மறைக்காமல் எழுதினார். தேகம் உப்பையும் நீரையும் தேக்கிக்கொண்டு பொட்டாசியத்தை இழப்பதால் விளைகின்ற உபத்திரவம் அது. அதனோடு ரத்த அழுத்தமும் ஏறும். அடக்கமாக இனிக்கின்ற ஒரு வேருக்குள் இவ்வளவு பலம் இருப்பதை உணர்ந்த பிறகு, அதன்மீது எனக்கிருந்த பிரியத்தோடு ஒரு மரியாதையும் சேர்ந்துகொண்டது.

இருமல் கண்ட இரண்டொரு நாளைக்கு ஒரு துண்டு அதிமதுரம் நல்ல துணை. தினந்தோறும் தேநீரில் இட்டுக் குடிப்பது வேறு விஷயம். உயர் ரத்த அழுத்தமோ இருதய, சிறுநீரக நோய்களோ உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், வைத்தியரைக் கேளாமல் அவ்வழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன்.