காற்றுச்சாமியும் இடிச்சாமியும்

போன வருஷம் வீட்டிலேயே வரைந்து கொண்டுவரும் ஓவியப் போட்டியில் எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். நண்பர்களே, அந்தப் படத்தை நான் வரையவில்லை. ஒரு புத்தகப் படத்தை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே தாளை வைத்து, வெளிச்சத்தில் தெரிந்த கோட்டின் மேலேயே கோடு இழுத்தேன்.

டிராயிங் சார் அப்போது ஒன்றும் கேட்கவில்லை. முழுப் பரீட்சை முடிந்த அன்று கூப்பிட்டு, ஒரு பழைய காலண்டர் தாளைக் கொடுத்தார். "லீவுல இதைப் பார்த்து வரைஞ்சுட்டு வா. கட்டம் போட்டுக்கலாம். ஜன்னல் பக்கம் மட்டும் போகாதே" என்றார். எனக்கு வெலவெலத்துப் போய்விட்டது.

அது ஜப்பான் ஓவியம். 17-ஆம் நூற்றாண்டில் தவராயா சோதாட்சு என்பவர், மடக்கி விரிக்கும் இரண்டு தட்டிகளில் தங்க ரேக்கு ஒட்டி அதன்மேல் வரைந்தது. கியோட்டோவில் உள்ள கென்னின்ஜி என்ற புத்தக் கோயிலுக்குச் சொந்தம். வலது ஓரத்தில் காற்றின் கடவுள் ஃபூஜின், பச்சை உடம்போடு, காற்றுப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறார். இடது ஓரத்தில் இடியின் கடவுள் ராய்ஜின், வெள்ளை உடம்பு, சுற்றிலும் வளையமாக மேளங்கள். நடுவில் ஒன்றுமே கிடையாது, வெறும் தங்கம்தான்.

என் முதல் ஃபூஜின் எங்கள் தெரு பால்காரர் மாதிரி வந்தார். மேகம்தான் ரொம்பப் படுத்தியது. வர்ணம் ஈரமாக இருக்கும்போதே இன்னொரு வர்ணத்தைச் சொட்டி, அதுவாகப் பரவ விட வேண்டும். ஜப்பானில் இதற்குத் தராஷிகோமி என்று பெயர். அவசரப்பட்டால் எல்லாம் ஓடிக் கலந்துவிடும். தாமதித்தால் கறை மாதிரி நிற்கும். நாலு சார்ட் வீணான பிறகுதான் பிடிபட்டது: தாளின் மினுமினுப்பு மங்க ஆரம்பிக்குமே, அந்த நேரத்தில் சொட்ட வேண்டும். ஜன்னலில் கோடு இழுத்தபோது இப்படி ஒரு தடவைகூட நான் எதையும் உற்றுப் பார்த்ததில்லை.

ஜூன் மாதம் படத்தைக் காட்டினேன். சார் ரொம்ப நேரம் பார்த்தார்.

"மேளம் எல்லாம் முழுசா இருக்கே?"

"காலண்டர்ல மேலே வெட்டுப்பட்டிருந்துச்சு சார். நான் சரி பண்ணிட்டேன்."

சார் சிரித்துவிட்டார். வெட்டியது காலண்டர்காரர் இல்லையாம், சோதாட்சுவேதான். இடிச்சாமி வானத்திலிருந்து அப்போதுதான் உள்ளே நுழைகிறார், அதனால் மேளங்களில் சில இன்னும் படத்துக்கு வெளியே இருக்கின்றன. ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து ஒகாதா கோரின் (1658–1716) என்ற பெரிய ஓவியர் இதே படத்தைப் பார்த்து வரைந்தார். அவரும் என்னை மாதிரியே மேளங்களை உள்ளே கொண்டுவந்துவிட்டார்! அந்தப் படம் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சோதாட்சுவின் இடிச்சாமி கீழே பார்க்கிறார். கோரின் படத்தில் இரண்டு சாமியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். என் படத்தில் அவர் எங்கே பார்க்கிறார் என்று எனக்கே தெரியவில்லை.

கோரினின் கோடுகள் பழைய படத்தோடு அவ்வளவு பொருந்துவதால், அவர் படியெடுத்துத்தான் வரைந்திருப்பார் என்று கருதுகிறார்கள் என்றும் சார் சொன்னார்.

"அப்ப அவரும் டிரேஸ்தானே சார்?" என்று சட்டென்று கேட்டுவிட்டேன்.

"ஆமா. எடுத்தவர் என்னென்ன மாத்தியிருக்கார், பார்த்தியா? நீ ஜன்னல்ல எடுத்ததுல என்னடா மாத்தினே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் பரிசாக வாங்கிய ஜியாமெட்ரி பாக்ஸை, மூன்றாம் பரிசு வாங்கிய ஏழாம் வகுப்புத் தங்கையிடம் கொடுத்தேன். "எனக்கு எதுக்குண்ணா?" என்று கேட்டாள். அவளிடம் வாயால் சொல்ல வரவில்லை, அதனால் இங்கே எழுதியிருக்கிறேன்.

பக்கத்தில் ஒட்டியிருப்பது என் படம். மேளங்களை அப்படியே விட்டுவிட்டேன். இடிச்சாமியின் கண்ணை மட்டும் கீழே பார்க்க வைத்தேன். அதிலும் இடது கண் கொஞ்சம் ஓடிவிட்டது.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்