சாக்லேட் பாகும் அடர்நீலமும்

வெள்ளி, இரவு

எல்லோரும் படுத்த பிறகு மறுபடியும் ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’. 1962-ல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். இயக்கிய ஹெர்க் ஹார்வி, கான்சஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில் ஆலைகளுக்கும் பள்ளிகளுக்கும் விளக்கப்படங்கள் எடுத்துவந்தவர். யூட்டா வழியாகக் காரில் போகும்போது உப்பு ஏரிக்கரையில் பாழடைந்து கிடந்த சால்ட்டேர் கேளிக்கை மண்டபத்தைப் பார்த்திருக்கிறார். அந்த மண்டபத்துக்காகவே கதை எழுதச் சொன்னார். நாயகி மேரியை விடாமல் துரத்தும் வெளுத்த முகத்துப் பேயும் அவரேதான்.

துணிக்கடைக் காட்சிக்காகத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மேரி உடை போட்டுப் பார்க்கிறாள். திரை தண்ணீர் போல ஒரு கணம் நெளிகிறது. அவள் வெளியே வந்து பேசினால் கடைக்காரிக்குக் கேட்கவில்லை. யார் கண்ணுக்கும் அவள் தெரியவில்லை. ஊர்ச் சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. கடைசியில் பூங்காவில் ஒரு மரத்தைத் தொட்டதும் பறவைச் சத்தம் திரும்புகிறது. இதற்கு என்ன செலவாகியிருக்கும்? ஒலியை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். இன்றைக்குக் கோடிகளைக் கொட்டி எடுப்பவர்கள் ஒலியைக் கூட்டிக் கூட்டியே நம்மைத் தூக்கிப்போட வைக்கிறார்கள். இந்த நடுக்கம் அதில் வருவதில்லை.

சனி

பகல் முழுக்க ஈ.சி. காமிக்ஸ். ‘டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்’, ‘தி ஹான்ட் ஆஃப் ஃபியர்’. 1950-களின் தொடக்கத்தில் பத்து சென்ட் விலைக்கு, மட்டமான தாளில் அச்சானவை. கிரஹாம் இங்கெல்ஸ் வரைந்த பக்கம் வந்தால் அடுத்ததைப் புரட்ட மனம் வராது. கல்லறையிலிருந்து எழும் பிணத்தின் வாயில் எச்சில் இழை இழையாகத் தொங்கும். ஒவ்வொரு இழையையும் தூரிகையால் தனித்தனியாக இழுத்திருப்பார். வண்ணம் தீட்டிய மேரி செவரின், ரத்தம் மிஞ்சிப்போன கட்டங்களை அடர்நீலத்தில் மூழ்கடித்துவிடுவாராம். எனக்கு அந்த நீலக் கட்டங்கள்தான் அதிகம் பயம் தருகின்றன.

1954 ஏப்ரலில் அமெரிக்க செனட் துணைக்குழு பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸிடம் வெட்டுண்ட தலை போட்ட அட்டையைக் காட்டி, இது நல்ல ரசனையா என்று கேட்டது. திகில் காமிக்ஸுக்கு நல்ல ரசனைதான் என்றார் அவர். நானும் அதையேதான் சொல்வேன். அந்த ஆண்டே வந்த காமிக்ஸ் விதித்தொகுப்பு, தலைப்பில் ‘ஹாரர்’, ‘டெரர்’ என்ற சொற்களே கூடாது என்றது. ஈ.சி.யின் திகில் இதழ்கள் நின்றன.

ஞாயிறு, நள்ளிரவு தாண்டி

‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’, 1968. ஜார்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் பிட்ஸ்பர்க் பக்கம் சுமார் 1,14,000 டாலரில் எடுத்த படம். ரத்தத்துக்குச் சாக்லேட் பாகு. கறுப்பு வெள்ளையில் யாருக்குத் தெரியப்போகிறது! நாயகன் டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர். தேர்வுக்கு வந்தவர்களில் அவரே நன்றாக நடித்தார், அதனால் எடுத்தோம் என்றார் ரொமேரோ. அன்றைய பெரிய ஸ்டுடியோ எதுவும் ஒரு பேய்ப்படத்தை ஜோன்ஸை நம்பி ஒப்படைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இரவு முழுக்கப் பிணங்களிடமிருந்து தப்பித்தவனை, விடிந்ததும் காப்பாற்ற வந்த கும்பலே பிணமென்று நினைத்துச் சுட்டுவிடுகிறது. பிறகு செய்தித்தாள் படம் போலப் பொரிபொரியான அசையாப் படங்கள், இறைச்சிக் கொக்கியோடு நிற்கும் ஆட்கள். படப்பிரதியைக் காரில் போட்டுக்கொண்டு நியூயார்க் போகிற வழியில்தான் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட செய்தியை ரேடியோவில் கேட்டார்களாம்.

தலைப்பை மாற்றியபோது காப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப்போக, படம் பொதுச்சொத்தாகிவிட்டது. யார் யாரோ திரையிட்டுக் காசு பார்த்தார்கள். எடுத்தவர்களுக்கு வந்திருக்க வேண்டிய பணம் அது. நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

திங்கள்

ரொமேரோ ஈ.சி. படித்து வளர்ந்தவர். 1982-ல் ஸ்டீபன் கிங்கோடு சேர்ந்து அந்த இதழ்களுக்கு மரியாதையாக ‘க்ரீப்ஷோ’ எடுத்தார். திரையே காமிக்ஸ் கட்டமாக மாறும், நிறம் சட்டென்று சிவப்புக்கும் நீலத்துக்கும் தாவும். நேற்றும் முந்தாநாளும் பார்த்த பிறகு அதை விட்டுவைக்க முடியாது. இன்று ராத்திரி அதுதான்.