ஐந்நூறு ரூபாய்ப் பந்தும் ஒரு ‘கேடி’யும்!

எங்கள் அத்தானுக்கு ஆபீசில் இரண்டு முறை பிரமோஷன் கை நழுவியிருக்கிறது. மூன்றாவது முறை நழுவாமலிருக்க அவர் கண்டுபிடித்த வழி... கோல்ஃப்! புதிதாக வந்திருக்கும் எம்.டி. கோல்ஃப் பைத்தியம். கம்பெனி மீட்டிங் ஊட்டியில். சனிக்கிழமை காலை எம்.டி.யோடு ஆட்டம்.

“வியாழக்கிழமையே போய் ப்ராக்டீஸ் பண்ணிடலாம். நீயும் வா மாப்ளே” என்றார். ஓசிப் பயணம் என்றால் நான் உகாண்டாவுக்கே ரெடி. ஊட்டிக்குக் கசக்குமா?

மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறும்போதே அத்தான் மடியில் ஒரு பெட்டி. பச்சைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு டஜன் பந்து. விலை 6,000 ரூபாய்!

“உலக சாம்பியன்கள் இந்த மாதிரிப் பந்துலதான் ஆடறாங்க. உங்க அக்காகிட்ட மட்டும் 600-னு சொல்லியிருக்கேன்” என்றார். ஒரே ஒரு சைபரில் குடும்ப அமைதி!

ஊட்டியிலிருந்து கூடலூர் போகிற ரோட்டில், ஃபிங்கர் போஸ்ட் பக்கம் இருக்கிறது ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம். கடல் மட்டத்திலிருந்து ஏழாயிரம் அடிக்கு மேலே, மேடும் பள்ளமுமாக 18 குழிகள். நடந்தாலே நமக்கு மூச்சு வாங்கும். அங்கங்கே மஞ்சள் பூவோடு ‘கார்ஸ்’ என்கிற முள்புதர். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து, போகும்போது எடுத்துப்போக மறந்த சொத்து!

எங்களோடு ஒரு கேடி வந்தார். பயப்படாதீர்கள்... போலீஸ் ஸ்டேஷன் போர்டில் போட்டோ ஒட்டியிருக்குமே, அந்தக் கேடி இல்லை. மட்டைப் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடந்து, எதால் எப்படி அடிக்கலாம் என்று யோசனையும் சொல்கிறவர். ஐம்பது வயசிருக்கும். குரங்குக் குல்லா, ஸ்வெட்டர், அதிகம் பேசாத வாய்.

அத்தான் ஓங்கி ஒரு அடி. பந்து நேராகக் கிளம்பி, பாதி வழியில் ஏதோ ஞாபகம் வந்ததுபோல வலது பக்கம் வளைந்து புதருக்குள் புகுந்தது. இன்னொரு பந்து. அதே புதர்! மூன்று குழி முடிவதற்குள் நான்கு பந்து காலி. என் பி.காம். மூளை கணக்குப் போட்டது. 2,000 ரூபாய். தேய்மானத்தில்கூட எழுத முடியாது. நேரே வாராக்கடன்!

“என்னய்யா இது... இவ்ளோ விலை கொடுத்து வாங்கின பந்து!” என்று அத்தான் புலம்ப, கேடி அண்ணன் முதல் தடவையாக வாய் திறந்தார்.

“பந்து நல்ல பந்துதான் சார். அதுக்கு இன்னும் உங்களைத் தெரியலை.”

அப்புறம் அவர் நடத்தியது ஒரு டியூஷன்! தன் பையிலிருந்து ஒரு சாதாரணப் பந்தை எடுத்தார். புதரில் பொறுக்கியது. கிரீன், அதாவது குழி இருக்கும் வழுவழுப்பான புல்தரைக்கு, முப்பது கஜம் தள்ளி அத்தானை நிறுத்தினார். அதில் மூன்று அடி, இதில் மூன்று அடி. காஸ்ட்லிப் பந்து விழுந்து, ஒரு துள்ளு துள்ளி, பிரேக் போட்டது. சாதாரணப் பந்து உருண்டு உருண்டு அக்கரைக்கே போய்விட்டது.

“டிரைவர் மட்டையில எல்லாப் பந்தும் அண்ணன் தம்பி சார். நாலஞ்சு கஜம் முன்னே பின்னே இருக்கும். கிரீன் பக்கம் வந்தாத்தான் பங்காளி ஆயிடும்!”

விஷயம் இதுதான். விலை உயர்ந்த பந்துக்கு யூரித்தேன் என்கிற மெத்தென்ற மேல்தோல். மட்டையின் வரிப்பள்ளங்கள் அதைக் கவ்விப் பிடிப்பதால் சுழற்சி அதிகம். அதனால் சட்டென்று நிற்கும். விலை குறைந்த பந்துக்கு அயனோமர் என்கிற கெட்டித்தோல். கவ்வாது, உருளும், ஆனால் சீக்கிரம் கிழியாது. பந்தை வளைய வைப்பதும் இதே சுழற்சிதான். கோணலாக அடிக்கிறவர் சுழற்சி குறைந்த பந்தில் அடித்தால், வளைவது கொஞ்சம் குறையும். கோணல் போகாது, தண்டனை குறையும்!

எடையும் அளவும் எல்லாருக்கும் பொது. 45.93 கிராமுக்கு மேல் போகக்கூடாது; குறுக்களவு 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. ஆறாயிரத்துக்கும் அறுநூறுக்கும் ஒரே சட்டம். நாட்டில் வேறெங்கே இருக்கிறது இந்தச் சமத்துவம்?

இதற்குள் எனக்கும் கை துறுதுறுத்தது. கேடி அண்ணனின் பந்தை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வீசு! பட்டுவிட்டது. பறந்தது பாருங்கள்... நான் மார்பை நிமிர்த்த, அண்ணன் அமைதியாகச் சொன்னார்:

“ஊட்டி அடிச்சது சார், நீங்க இல்லே.”

உயரத்தில் காற்று லேசு. ஆயிரம் அடிக்குச் சுமார் ஒரு சதவீதம் தூரம் கூடுமாம். சுழற்சிக்கும் பிடிமானம் குறைவு. அதனால் வளைவதும் குறைவு. இதே அடி சென்னையில் இன்னும் மோசமாக வளையும். ஆக, அத்தானின் கோணலை ஊட்டி மலை ஏற்கெனவே தள்ளுபடி விலையில்தான் காட்டிக்கொண்டிருந்தது!

அத்தான் முகம் சுண்டிப்போனது. “நாளன்னிக்கு எம்.டி. முன்னாடி மானம் போயிடுமே அண்ணே...” அதில் ஜோக் எதுவும் இல்லை. இரண்டு முறை நழுவியவரின் குரல் அது.

“ஒரு ஆட்டத்துக்கு ரெண்டு பந்துக்கு மேல தொலைக்கிறவருக்கு இது வேணாம் சார். தொலைஞ்சிடுமோன்னு பயந்து அடிச்சா கை இறுகிடும். இந்தப் பந்துலயே ஆடுங்க. நிக்காதுன்னு தெரியுதில்ல? பத்தடி முன்னாலயே போட்டு உருள விடுங்க. ஆனா ஒண்ணு, மாத்தி மாத்தி ஆடாதீங்க. ஒரே ரகம். அப்பத்தான் கை பழகும்.”

ஒன்று 50 ரூபாய் வீதம் பன்னிரண்டு பந்து கொடுத்தார். வெள்ளிக்கிழமை முழுக்கப் போடு, உருட்டு... போடு, உருட்டு. நான் வர்க்கியும் டீயுமாக மேற்பார்வை.

சனிக்கிழமை அத்தான் தோற்றார். ஆனால் தொலைத்தது ஒரே பந்து. ஒன்பதாவது குழியில் பந்து பத்தடி முன்னால் விழுந்து, சமர்த்தாக உருண்டு, கொடிக்கம்பத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. எம்.டி. கிட்டே வந்து குனிந்து பார்த்து, “என்ன பந்து இது?” என்றாராம்.

“எனக்குத் தெரிஞ்ச பந்து சார்!”

பிரமோஷன் லிஸ்ட் இன்னும் வரவில்லை. ஆனால் ஒரு நல்லது நடந்திருக்கிறது. பன்னிரண்டு பந்து, தலா 50 ரூபாய்... ஆக மொத்தம் 600. அத்தான் அக்காவிடம் சொன்ன பொய் உண்மையாகிவிட்டது!

மீதியுள்ள எட்டு காஸ்ட்லிப் பந்துகள் பீரோவில், பழைய வேட்டிக்கடியில் தூங்குகின்றன. அக்கா இந்த வாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் இருக்க வேண்டும்!